எந்தப் பாலையடி

நாவற்கண்டலில் பாலை மரம் ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது. முள்ளியவளையிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் றோட்டு முடிந்து வாய்க்கால் தொடங்கும் இடத்தில், சங்கிலியின் காணி மூலையில் நிற்கிறது. அதன் கீழேதான் அன்றைக்கும் கஜேந்தினி முழங்காலில் நின்றாள். சங்கிலியின் மகள் அவள். பிறந்து வளர்ந்த காணிக்குள் சண்டை முடிந்த பிறகு இப்போதுதான் கால் வைக்கிறாள். அதுவும் கவச உடுப்பும் முகக்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, இரண்டு நாடாக்களுக்கு நடுவே ஒரு மீற்றர் அகலத்துக்குள்.

மழைக்கு முந்தின புரட்டாதி வெயிலுக்கு ஈவிரக்கம் கிடையாது. கவச உடுப்புக்குள் வியர்வை முதுகால் இறங்கி இடுப்பில் தேங்கியது. கண்ணாடிக்குள் மூச்சுப் படிந்து மண் மங்கியது. மங்கினால் நிறுத்த வேண்டும். பின்வாங்கி வந்து, துடைத்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் முழங்கால். டிடெக்டர் கத்துகிற இடத்தில் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி மண்ணைத் தடவித் தடவி விலக்க வேண்டும். இவ்வளவு சீராட்டலுக்குப் பிறகு வெளியே வந்தவை மீன்ரின் மூடி, குடைக்கம்பி, துருப்பிடித்த ஆணி, வெற்றுத் தோட்டாக் கோது. இத்தனை கிழமையாக இவைதான். ஒவ்வொரு ஆணிக்கும் அவள் உள்ளுக்குள் சந்தோசப்பட்டாள். ஆணி ஒன்றும் ஆளைக் கொல்லாது.

மிதிவெடி அகற்றும் வேலைக்கு அவள் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல். முன்பெல்லாம் சந்தேகப்பட்ட காணி முழுவதையும் மனிதர்தான் முழங்காலால் அளந்து முடிக்க வேண்டும். மாதக்கணக்கில் கிண்டி, ஒரு வாளி ஆணியோடு வெளியேறிய காணிகள் எத்தனையோ. அப்படியான காணி ஒன்றின் கடைசி மூலையில், இனி ஒன்றும் இல்லையென்று எல்லோரும் அலுத்துப்போன ஒரு மத்தியானம், கௌசலாவின் வலது கண் போனது. கஜேந்தினியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் கௌசலா. இப்போது அதே குழுவுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள்.

போன வருடம் மேனுகா வந்தாள். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்த சின்னப் பெண். வெயிலுக்குக் குடை பிடிக்க வெட்கப்படுகிறவள் என்பதால் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. செய்மதிப் படம், பழைய காவலரண் வரிசை, எங்கே எது வெடித்ததென்று சனம் சொன்ன கதை எல்லாவற்றையும் அவள் கணினிக்குள் போட்டாள். கணினி ஊரை மூன்று நிறமாகப் பிரித்துக் கொடுத்தது. சிவப்பென்றால் ஆட்கள் இறங்கிக் கிண்ட வேண்டும். மஞ்சளென்றால் பொறுத்திருக்க வேண்டும். பச்சையென்றால் சொந்தக்காரர் போய் மண்வெட்டி போடலாம். இந்த வேலைக்கு மேனுகா 'மொடல்' என்று பேர் சொன்னாள்.

கஜேந்தினியின் புருசன் ரூபன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். வாய் சும்மா இராது.

"மொடல் எண்டால் சாறி உடுத்து நடந்து காட்டுற பிள்ளையள் எண்டெல்லோ நினைச்சன்."

"ஓம், உதுவும் நடந்து காட்டுறதுதான். எங்களுக்குப் பதிலா அது நடக்குது. சிரிக்காதேங்கோ," என்றாள் கஜேந்தினி.

அவளுக்கு அந்தக் கணினியைப் பிடித்திருந்தது. ஏன் பிடிக்காது? இழுத்து மூடிக் கிடந்த ஊரில் முக்கால்வாசியை ஒரே வருடத்தில் பச்சையாக்கியிருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், புத்தளத்திலிருந்து திரும்பி வந்த அன்ஸாரின் காணிகூடப் பச்சை. சங்கிலியின் காணி மட்டும் சிவப்பு. சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்த புதிதில் சங்கிலியின் உழவு மாடு இரண்டும் பாலையடியில் வெடியில் அகப்பட்டுப் போயின. அந்தக் கதையைப் போன வருடம் சங்கிலியே, காணி விசாரிக்க வந்த சேர்வே பெடியனுக்குச் சொன்னார். பெடியன் பாலை மரத்தில் புள்ளி வைத்தான்.

பத்து மணித் தேத்தண்ணிக்கு மேனுகாவும் வந்து நாடாவுக்கு வெளியே, நிழலில் குந்தினாள். கௌசலா கோப்பையை நீட்டினாள்.

"உங்கட உந்த மொடல் ஒரு அஞ்சாறு வருசம் முந்தி வந்திருக்கலாம் மிஸ். நான் ரெண்டு கண்ணாலயும் பாத்துத் தேத்தண்ணி ஊத்தியிருப்பன்."

மேனுகா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு சொன்னாள்: "அதுக்காகத்தான் அக்கா. மனுசரை வைச்சுத் தேடினால், பிழைக்கு ஒரு ஆள் போகும். கொம்பியூட்டரில பிழை விட்டால் அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடலாம்."

"அப்ப அதுவும் பிழை விடும் எண்டுறியள்?" என்றாள் கஜேந்தினி.

"விடும். அதுக்குக் களைப்பில்லை, பயமில்லை, மத்தியான நித்திரை இல்லை. ஆனால் நாங்கள் சொல்லுறதைத்தான் நம்பும். சொன்ன ஆள் மாறிச் சொன்னால், அதையும் களைக்காமல் நம்பும்."

"மனுசர் எண்டால்?"

"மனுசர் எண்டால் ஆளின்ர முகத்தைப் பாத்துத் திருப்பிக் கேப்பினம், என்ன?"

"எங்க கேக்கினம்," என்றாள் கௌசலா. "மனுசருக்கு நேரம் கிடைச்சால்தானே."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

கஜேந்தினி குடும்பம் குடியிருந்தது ரூபனின் அக்கா கமலாசனியின் வீட்டு வளவில். பின்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். பகலில் உள்ளே இருந்தால் அவிந்துபோகலாம். ஓர் அறையும் குசினியும். சங்கிலி வெளியே சாக்குக் கட்டிலில் படுப்பார். கமலாசனி நல்ல மனுசிதான். ஆனாலும் தைக்கு மகனுக்குக் கலியாணம் என்று மூன்று மாதமாகச் சொல்லி வருகிறாள். கலியாணமென்றால் அந்த வளவு வேண்டும். அவள் சொல்லும்போதெல்லாம் கஜேந்தினி, "சிவப்பு முடியட்டும் மச்சாள்," என்பாள். இந்த முறை அது முடியும்போல இருந்தது. அதனால் அன்று பின்னேரம் குளத்து யப்பான் மீன் வாங்கிப் புளிவிட்டுக் குழம்பு வைத்து, குரக்கன் புட்டும் அவித்தாள்.

"பாதிக் காணி முடிஞ்சுது அப்பா," என்றாள், தகப்பனின் தட்டில் புட்டை வைத்தபடி. "ஒண்டுமில்லை. உங்கட மாட்டின்ர எலும்புகூட இல்லை."

சங்கிலி குழம்பைத் தொட்டு நக்கிப் பார்த்தார். அவர் மலைநாட்டில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துக் கலைக்க, கையில் பிடித்த பெட்டியோடு வன்னிக்கு வந்தவர். ஐம்பது வருடத்துக்குக் கிட்ட ஆகியும் பேச்சில் மலை இறங்கவில்லை.

"மாட்டு எலும்பு அங்க எதுக்குப் புள்ள இருக்கப்போவுது?"

"பாலையடியில எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஆமா. பாலையடியிலதான்."

"அப்ப?"

"அது பாலை மரம். பாலையடி அங்கிட்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டு மீன் முள்ளைப் பிரித்தார். கஜேந்தினி அகப்பையோடு நின்றுவிட்டாள். ரூபனின் வாய்க்கும் அப்போது பகிடி வரவில்லை.

"அங்கால ஒரு பாலையும் இல்லையே அப்பா."

"இப்ப இல்ல. நான் வந்த காலத்துல இருந்துச்சு. அன்ஸார் தம்பியோட வாப்பா காணியில. இந்த மரமெல்லாம் அதுக்குக் கால்தூசி. வேலையாளுங்க எல்லாரும் அதுக்குக் கீழதான் சோறு தின்போம். 'பாலையடிக்கு வா'ன்னா அங்க வான்னு அர்த்தம். சண்டையில பங்கர் போட வெட்டிட்டாங்க."

மரம் போய்விட்டது. அவர் வாயில் பேர் இருந்தது. பழைய சனத்தில் பாதி செத்தும் மீதி வெளிநாட்டிலுமாகப் போன ஊரில், அந்தப் பேரை அந்த இடத்துக்குச் சொல்ல வேறு வாய் இல்லை. கிரவல் றோட்டில் நின்று கேட்ட சேர்வே பெடியன் பாலையடி என்றதும் நிமிர்ந்து பார்த்தான், ஒரு பாலை நின்றது, புள்ளி வைத்தான். அவனில் என்ன பிழை? சங்கிலியும் பொய் சொல்லவில்லை. கணினி கேட்டதை நம்பியது.

"முஸ்லிம் ஆக்களின்ர காணிக்கு ஏன் மாட்டைக் கொண்டுபோனனீங்கள்?" என்று ரூபன் கேட்டான்.

சங்கிலி கை கழுவ எழுந்தார். கஜேந்தினி செம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். வாழையடியில் நின்றுதான் சொன்னார்.

"நம்ம காணிக்கு வெடி இருக்குன்னு மண்டையோட்டுப் பலகை அடிச்சிட்டாங்க. முகாமுல இருந்து வந்து சோத்துக்கு வழியில்ல. அது சும்மா கெடந்துச்சு. கேக்காம உழுதேன். கேக்குறதுக்கு அவங்க இங்க இல்ல. ரெண்டாவது நாளு மாட்டைப் பிணைச்சு மேயவிட்டுட்டு வாய்க்கால்ல முகம் கழுவப் போனேன். அப்பத்தான்."

"இதை அண்டைக்கே விபரமாச் சொல்லியிருக்கலாமே அப்பா."

"சொன்னேனே, பாலையடின்னு. அதுக்கு மேல எப்படிச் சொல்லுறது? அந்த வீட்டுச் சோத்துல நிமிந்தவன் நான். அவங்க மண்ணைத் திருட்டுத்தனமா உழுதேன்னு அன்ஸார் தம்பியோட உம்மா முகத்தைப் பாத்து எப்படிப் புள்ள சொல்லுவேன்?"

கணினிக்குப் பசியும் இல்லை, வெட்கமும் இல்லை. சங்கிலிக்கு இரண்டும் இருந்தன. கஜேந்தினிக்குத் தகப்பன்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. மிதிவெடியைத் தனியே ஒன்றாக யாரும் புதைப்பதில்லை. ஒன்று வெடித்த இடத்தில் ஒரு வரிசை இருக்கும். அன்ஸாரின் காணி பச்சை.

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் வாய்க்காலைத் தாண்டி அன்ஸார் வீட்டுக்குச் சைக்கிளைத் திருப்பினாள். றோட்டுப் பக்கம் சின்னக் கல்வீடு. பின்னால் கிணறு. கிணற்றுக்கு அப்பால் முழுவதும் பற்றைக் காடாய்க் கிடந்த நிலம். அன்ஸார் கரைப் பற்றையை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் ஆசியா உம்மா வாசலில் பாயைப் போட்டுக் கச்சான் கடலை உடைத்தாள். முழுத்த பருப்பு ஒரு சுளகில், சுருங்கிப்போன சூம்பல் இன்னொரு சுளகில். கஜேந்தினி குந்தியதும் உம்மா சூம்பல் சுளகை அவள் பக்கம் தள்ளினாள்.

"இதில தின்னு புள்ள. அதில கை வைக்காத, அது விதை. என்ட மகனையும் தொடவிடல்ல."

"எப்ப உழவு அன்ஸார் நானா?" என்று கேட்டாள் கஜேந்தினி.

அன்ஸார் கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். முகம் முழுக்கச் சந்தோசம்.

"வியாழக்கிழமை. புதன் பின்னேரம் தண்ணியூத்துச் சந்தியில இருந்து உழவு மெசினைக் கொண்டு வாறன். முதல் மழைக்கு விதை நிலத்தில கிடக்கவேணும், என்ன?"

"பின்பக்கத்தை இன்னொருக்காப் பாத்திட்டு உழுதால் என்ன?"

சந்தோசம் அந்த முகத்திலிருந்து இறங்கியதை அவள் பார்த்தாள்.

"ஆர் பாக்கிறது? பாத்துத்தானே பச்சை தந்தவை? உங்கட ஆக்கள்தானே தந்தவை?"

"ஓம் நானா. ஆனால்..."

"தங்கச்சி, எனக்குப் பத்து வயசில ஒரு பின்னேரம் முஸ்லிம் ஆக்களை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்னாங்க, போனம். முப்பத்திரண்டு வருசம் உப்பளத்துக்குப் பக்கத்தில இருந்தம். வந்தால் காணி உறுதி இல்லை எண்டாங்க, காடு எண்டாங்க, வெடி இருக்கு எண்டாங்க. இப்பத்தான் ஒரு கொம்பியூட்டர் வந்து, இவன் ஆர் எவன் எண்டு கேளாமல், போ எண்டு சொல்லியிருக்கு. மனுசர் ஒருத்தரும் எனக்கு அப்பிடிச் சொல்லேல்ல."

அதற்குப் பிறகு அவள் என்னத்தைச் சொல்வது? தன் காணியில் இருக்கிற சிவப்பைத் தூக்கி உன் காணியில் வைக்கப்போகிறேன் என்றா? சொன்னால் அவன் நம்பமாட்டான். ஊரும் நம்பாது. தமிழரின் காணி பச்சையாக முஸ்லிமின் காணியைச் சிவப்பாக்கினாள் என்றுதான் கதை போகும். சொல்லாமல் விட்டால் வியாழக்கிழமை மெசின் இறங்கும். தானே டிடெக்டரை எடுத்துக்கொண்டு தனியே போய்க் கிண்டலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். கௌசலாவின் கண் ஞாபகம் வந்தது. சூம்பல் கச்சான் வாய்க்குள் கசந்தது.

மேனுகாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மேனுகா 'டப்' கணினியை மடியில் வைத்து, படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தாள்.

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா. அவர் இடத்தைக் காட்டட்டும்."

"வரமாட்டாராம். உம்மா இருக்கும்வரை அந்தக் காணிப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டாராம்."

"அப்ப நான் என்னத்தை வைச்சு மாத்துறது? பச்சை குடுத்த காணியை நிப்பாட்டுறதெண்டால் காரணம் காட்டவேணும். ஒரு ஆள் சொன்னதை அவரின்ர மகள் மாத்துறா, மாத்தினால் மகளின்ர காணி பச்சையாகுது எண்டால் மேலிடத்தில என்ன கேப்பினம்? நானே கேப்பன்."

"நீங்களும் என்னை நம்பேல்லையோ மிஸ்?"

"நான் நம்பிறன். இது நம்பாது," என்று மேனுகா 'டப்'பைக் காட்டினாள். "ரெண்டாவது ஆள் ஒராள் வேணும். அந்தப் பேரை அந்த இடத்துக்குச் சொல்லுற, இதால லாபமில்லாத ஒராள்."

லாபமில்லாத ஒராள். அப்படி ஒருவர்தான் இருந்தார். லாபம் இல்லாதது மட்டுமல்ல, எல்லா நட்டமும் அவருக்குத்தான்.

"ஆசியா உம்மா," என்றாள் கஜேந்தினி. "புதன்கிழமை வாங்கோ. அன்ஸார் நானா மெசின் எடுக்கப் போயிருப்பார். அவர் நிண்டால் உம்மா வாய் திறக்கமாட்டா."

"ஏன் கேக்கிறம் எண்டு சொல்லித்தான் கேக்கவேணும் அக்கா. அதுதான் முறை."

"சொல்லுங்கோ. கேட்ட பிறகு சொல்லுங்கோ."

மேனுகா 'டப்'பை மூடி வைத்தாள். பிறகு தலையாட்டினாள்.

புதன் பின்னேரம் வானம் கிழக்கால் கறுத்துக்கொண்டு நின்றது. உம்மா இரண்டு பேருக்கும் கதிரை போட்டு, பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். விதைச் சுளகு நிரம்பி, சாக்குக்குள் போய், சாக்கு வாசலில் நிமிர்ந்து நின்றது. கஜேந்தினிக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"உம்மா, முந்தி இஞ்ச பாலையடி எண்டு ஒரு இடம் இருந்ததாம்," என்றாள். சொந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

உம்மாவின் முகம் மலர்ந்தது.

"ஆர் சொன்னது? சங்கிலியோ? அல்லாஹ், அவன் மறக்கல்லியா? நான் வந்து மூணு வருசமாச்சு, ஒருத்தரும் என்னட்ட அதைக் கேக்கல்ல. என்ட மகனுக்கே ஞாபகமில்ல. இப்பிடி ரெண்டு ஆள் கையைக் கோத்தாலும் எட்டாது புள்ள, அவ்வளவு மொத்தம். பழக் காலத்தில சங்கிலி ஏறிக் கொப்போட முறிச்சுப் போடுவான். திண்டால் வாயெல்லாம் பால் ஒட்டும், எண்ணெய் பூசித்தான் கழுவணும். பெருநாளைக்கு நான் ஊஞ்சல் கட்டுவன். அன்ஸார் விழுந்து பல்லை உடைச்சது அதில இருந்துதான்."

"எந்த இடத்தில உம்மா நிண்டது?" மேனுகாவின் விரல் 'டப்'பின் மேலே காத்து நின்றது.

"கிணத்துக்குக் கிழக்கால. அந்தா ஒரு மஞ்சவுண்ணா மரம் நிக்குதே, அதுக்கு இஞ்சால். இருங்க, வந்து காட்டுறன்."

உம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்து நடந்தாள். எழுபது தாண்டிய மனுசி சின்னப் பிள்ளைபோல விறுவிறென்று கிணற்றைத் தாண்டப் போனாள். கஜேந்தினி பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்தாள். தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்து உருண்டது.

"இஞ்ச நிண்டு காட்டுங்கோ உம்மா. போகாதேங்கோ."

"ஏன் புள்ள இப்பிடிப் பிடிக்கிறாய்? நோகுது."

விடவேண்டும் என்று தெரிந்தது. கை விடவில்லை. உம்மா அவளுடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு மேனுகாவின் மடியைப் பார்த்தாள். அங்கே புள்ளி விழுந்து, பச்சையின் நடுவே சிவப்புப் பரவிக்கொண்டிருந்தது.

மேனுகா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். இடையில் நிறுத்தவுமில்லை, தப்பிக்கப் பார்க்கவுமில்லை. உம்மா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"சங்கிலியின்ட மாடோ? அவன் ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"வெக்கம் உம்மா. கேக்காமல் உழுதவராம்."

"உழுதால் என்ன! மண் சும்மா கிடக்குதே, ஒருத்தரும் உழல்லியே எண்டு நான் புத்தளத்தில இருந்து அழுதுகொண்டெல்லோ இருந்தன்."

மூன்று பேரும் கிழக்குப் பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை, பற்றைதான்.

"நீங்க மரத்தைத்தான் கேக்கிறீங்க எண்டு நினைச்சன்," என்றாள் உம்மா.

மெசின் சத்தம் கேட்டது. அன்ஸார் சாரதிக்குப் பக்கத்தில் மட்காட்டில் ஏறியிருந்து, கையை ஆட்டிக்கொண்டு வந்தான். கவிழ்ந்த கோப்பையையும் தாயின் முகத்தையும் கண்டதும் கை இறங்கியது. மேனுகா இரண்டாம் முறையும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"காட்டுங்க," என்றான் அன்ஸார்.

'டப்'பை வாங்கிப் பார்த்தான். தன் காணி சிவப்பாகக் கிடப்பதைப் பார்த்தான். அவன் விரல் வாய்க்காலைத் தாண்டி மறுபக்கம் போனது. சங்கிலியின் காணி பச்சை.

"நல்லம்," என்றான். "நல்ல வேலை தங்கச்சி."

"நானா, நான்..."

"போன வருசம் பச்சை எண்டது இதே கொம்பியூட்டர்தானே? இண்டைக்குச் சிவப்பு. நாளைக்கு என்ன நிறம்? நீங்கள் நிறம் மாத்தி மாத்தி விளையாடுங்கோ, நான் உழப்போறன். இறக்கு மெசினை!"

சாரதி அசையவில்லை. சிவப்பைக் கண்டவன் எப்படி அசைவான்? அன்ஸார் அவனைத் தள்ளிவிட்டுத் தானே ஏறினான். அப்போது உம்மா எழுந்து வந்தாள். மெசினுக்கு முன்னால் போய்ச் சம்மணம் கொட்டி மண்ணில் இருந்தாள்.

"எழும்புங்க உம்மா."

"ஊஞ்சல் கட்டினது நான். எனக்குத்தான் தெரியும். பாலையடி அங்கதான் மகன்."

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே உம்மா! ஒரு சொல்லு! முப்பத்தஞ்சு வருசமாச்சு, ஞாபகமில்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"ஞாபகத்தோட இருந்ததாலதானே மகன் திரும்பி வந்தன்."

அன்ஸார் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை வாய்விட்டு அழுதான். முதல் மழை அப்போது தூறத் தொடங்கியது. நல்ல மழை, விதைக்கு ஏற்ற மழை.

மழைக்குள் மிதிவெடி வேலை நடவாது. தைக்குப் பிறகு பார்ப்போம் என்று மேலிடம் சொன்னது. அன்ஸாரின் காணிக்கு மண்டையோட்டுப் பலகை அடிக்கிற வேலை கஜேந்தினிக்குத்தான் விழுந்தது. வேறு யாருக்காவது கொடுங்கோ என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கிணற்றுக்கு இந்தப் பக்கம் நாடா கட்டி, பலகையை அறைந்தாள். வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

சங்கிலியின் காணியில் பாதி, அவள் முழங்காலால் அளந்த நிலம். மீதிப் பாதி, கணினி பச்சையென்று சொன்ன நிலம். ரூபன் புதுக் கொட்டிலுக்குக் கப்பு நட மரம் வெட்டிக்கொண்டு வந்தான்.

"கொட்டிலை எங்க போடுவம்? மரத்துக்கு அங்கால மேடு, நல்ல இடம்."

"அங்கால வேண்டாம். அது நான் கிண்டாத பக்கம்."

"பச்சைதானே?"

"பச்சைதான்."

"கொம்பியூட்டர் உனக்குப் பதிலா நடக்குது எண்டாய்?"

அவள் கிண்டி முடித்த எல்லையில், கடைசிச் சிவப்புத் தடியின் அருகில் நின்றாள். அதற்கு அப்பால் மழைக்குத் தளிர்த்த புல். பகுத்தறிவு போ என்றது, மேனுகாவின் மொடல் போ என்றது, கால் எழவில்லை. பச்சை என்பது இப்போது அவளுக்கு, யாரோ எங்கோ ஒரு பேரை இன்னும் மாறிச் சொல்லவில்லை என்பது மட்டும்தான். சங்கிலியோ காணிக்குள்ளேயே வரவில்லை. "உம்மா அவங்க காணிக்குப் போகாம நான் எங்கயும் போவ மாட்டேன்," என்று, மழைக்கு உள்ளே இழுத்துப் போட்ட சாக்குக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கப்பு மரங்கள் கமலாசனியின் வேலியோடு நனைந்து கிடந்தன. கமலாசனி கலியாண வீட்டுக்குப் பெயின்ற் பூசத் தொடங்கிவிட்டாள்.

கார்த்திகை பிறந்து, விடாத அடைமழையில் ஒரு காலை, அன்ஸார் சைக்கிளில் வந்தான். வாசல் படலையில் பொலித்தீன் பையொன்றைக் கொழுவினான். மணி அடிக்கவில்லை, இறங்கவில்லை, திரும்பிப் போய்விட்டான். கஜேந்தினி ஓடிப்போய் எடுத்தாள். உள்ளே கடதாசிப் பொட்டலம். இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

"என்ன புள்ள அது?"

"ஆசியா உம்மா அனுப்பியிருக்கிறா அப்பா."

சங்கிலி எழுந்து உட்கார்ந்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. பொட்டலத்தை மடியில் வைத்து அவசரமாகப் பிரித்தார். மணலில் பதமாக வறுத்த கச்சான். வாசம் கொட்டில் முழுக்க நிறைந்தது. உம்மா கோபம் ஆறிவிட்டாள் என்று கஜேந்தினி நினைத்தாள்.

சங்கிலி ஒரு பருப்பை எடுத்துத் தோலை உரசினார். வாய்க்குக் கொண்டுபோன கை பாதி வழியில் நின்றது. இன்னொன்றை எடுத்தார். இன்னுமொன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரு சூம்பல் இல்லை.

"இது விதை, புள்ள," என்றார்.